அடாப்டருக்கும் திசை உண்டு: இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர்

என் மேசையில் ஆபீஸ் லேப்டாப்பும் சொந்த டெஸ்க்டாப்பும் ஒரே 4கே மானிட்டரில்தான் ஓடுகின்றன. இப்படி அமைக்கப்போகிறவர்கள் பணத்தை வீணாக்க வேண்டாமே என்று எழுதுகிறேன்.

முதலில் திசை. பெரும்பாலான கிராபிக்ஸ் கார்டுகளின் டிஸ்ப்ளே போர்ட், எச்டிஎம்ஐ சிக்னலையும் தானே அனுப்பிவிடும். போர்ட் பக்கத்தில் டிபி எழுத்தோடு இரண்டு பிளஸ் குறி இருந்தால் அது இந்த வகை. அதனால்தான் அதற்கான அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் போக அதே அடாப்டர் உதவாது. என் தம்பிக்கு இதுதான் நடந்தது. "ரெண்டு பக்கமும் ஓடும் சார்" என்று கடையில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் மாட்டினால் 'நோ சிக்னல்'. மானிட்டரே போய்விட்டது என்று பயந்துவிட்டான், பாவம். சிக்னலை மாற்றும் சிப் உள்ள கன்வெர்ட்டர் வாங்கி, அதற்கு யுஎஸ்பி வழியாக மின்சாரமும் கொடுத்த பிறகுதான் படம் வந்தது. கடையில் கேட்கும்போது எந்த வயர் கம்ப்யூட்டரில், எது மானிட்டரில் என்று சொல்லிக் கேளுங்கள்.

பழைய புரொஜெக்டருக்கு விஜிஏ வேண்டுமென்றாலும் இதே கதைதான், சிப் உள்ளதுதான் வேண்டும்.

அப்புறம் யுஎஸ்பி சி ஹப், அதாவது லேப்டாப்பின் யுஎஸ்பி சி போர்ட்டில் மாட்டி எச்டிஎம்ஐ எடுக்கும் சின்னப் பெட்டி. முதலில் எனக்குக் கிடைத்ததில் படம் பளிச்சென்று இருந்தது, மவுஸ் மட்டும் திக்கித் திக்கி நகர்ந்தது. செட்டிங்ஸில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் புதுப்பிக்கப்படுகிறது. எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 4கே அவ்வளவுதான் போகும். 60 வேண்டுமென்றால் 2.0, அதாவது நொடிக்கு 18 ஜிகாபிட். பெட்டியில் வெறும் '4கே' என்றிருந்தால் நம்பாதீர்கள், '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். ஹப் 1.4 ஆக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த கேபிள் போட்டாலும் தீராது. லேப்டாப்பின் எல்லா யுஎஸ்பி சி போர்ட்டிலும் வீடியோ வராது என்பதையும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரை இரண்டு கம்ப்யூட்டருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் கேவிஎம் சுவிட்ச் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. மலிவான சுவிட்சில் அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறியதும், மானிட்டரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று முந்தையது நினைத்துக்கொள்ளும். திரும்பி வந்தால் விண்டோக்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். மானிட்டர் இன்னும் மாட்டியே இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கும் இடிஐடி எமுலேஷன் உள்ள சுவிட்சில் இந்தத் தொல்லை குறைவு, விலைதான் அதிகம். அவ்வளவு செலவு வேண்டாமென்றால் இரண்டு கம்ப்யூட்டரையும் மானிட்டரின் தனித்தனி இன்புட்டில் மாட்டிவிட்டு, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் சின்ன யுஎஸ்பி சுவிட்ச் வாங்குங்கள். மாறும்போது இரண்டு பட்டன் அழுத்தணும், அவ்வளவுதான். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.