மணிக்கட்டை மடக்கினால் தாடை தானாகத் திரும்புகிறது, அவசரம்

கார்த்தி_மெக்: வணக்கம். அறுவை சிகிச்சை ரோபோவில் வருவதுபோல, நுனியில் மடங்கும் மூட்டும் (மணிக்கட்டு) இடுக்கிபோல இரண்டு தாடையும் வைத்து, கேபிளால் இழுத்து இயக்கும் ஒரு கருவியை ஃபைனல் இயர் புராஜெக்டுக்குச் செய்கிறோம். தனித்தனியாக ஓட்டினால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மணிக்கட்டை மடக்கினால் மட்டும் தாடை தானாக நகர்கிறது. அதன் மோட்டாரைத் தொடவே இல்லை. வியாழக்கிழமை ரிவ்யூ. என்ன செய்யலாம்?

புல்லி_பாண்டியன்: தம்பி, என்ன கேபிள், புல்லி அளவு என்ன, மோட்டார் எது? கேபிள் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது? படம் ஒன்று போடுங்கள்.

செல்வி_கோவை: செர்வோவாக (கோணம் சொன்னால் திரும்பும் கியர் மோட்டார்) இருந்தால் கியர் ஆட்டம்தான், பற்களுக்கு இடையே உள்ள தளர்வு. வேறெதையும் தேடாதீர்கள். நல்ல கியர் வைத்த மோட்டாராக மாற்றுங்கள்.

கார்த்தி_மெக்: செர்வோதான் அக்கா, ஆனால் கையால் அசைத்தால் ஆட்டம் தெரியவில்லை. கேபிளுக்குப் பின்னல் மீன்பிடி நூல். படம் ராத்திரி போடுகிறேன்.

டூல்ரூம்_ராகவன்: மீன்பிடி நூலா? அது இழுவையில் இருக்க இருக்க நீண்டுகொண்டே போகும். டாவின்சி அறுவை ரோபோவின் கருவியில் டங்ஸ்டன் கம்பிக் கயிறு போட்டிருப்பது காரணமில்லாமலா? இதெல்லாம் இங்கே பலமுறை எழுதியாயிற்று. அடிப்படையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

நித்யா_கே: நூல் நீண்டால் தாடை பிடி தளரும். மடக்கும்போதெல்லாம் ஒரே அளவு திரும்பாது. கார்த்தி, ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: இரண்டு தாடையும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்கிறதா, அல்லது வாய் திறக்கிறதா?

ஒரே பக்கம் என்றால் அது பழுதே இல்லை. தாடைக்குப் போகும் நூல் மணிக்கட்டு அச்சில் இருக்கும் ஐட்லர் புல்லியை (மோட்டார் இல்லாமல் சும்மா சுழன்று நூலுக்கு வழிகாட்டும் புல்லி) சுற்றித்தானே போகிறது? மடக்கும்போது ஒரு பக்க நூல் அந்தப் புல்லியில் கூடுதலாகச் சுற்றும், மறுபக்கம் அவிழும். ஐட்லர் ஆரம் 2.5 மி.மீ., மடக்கு 30 டிகிரி என்றால் நூல் 1.3 மி.மீ. நகரும். தாடைப் புல்லி ஆரம் 2 மி.மீ. என்றால் தாடை 37 டிகிரிக்குமேல் திரும்பிவிடும். மடக்குக் கோணத்துக்கு ஏற்பத் தாடை மோட்டார்களையும் சேர்த்து ஓட்டி நிரலில் ஈடுகட்ட வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பழைய டாவின்சியை வைத்து உருவாக்கிய ஆய்வுத் தொகுப்பின் கோப்புகளில் இதே கணக்கு ஒரு மேட்ரிக்ஸாக இருக்கிறது, பாருங்கள்.

வாய் திறந்தால் ஒரு தாடையின் நூல் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. கழற்றி மாற்றிக் கட்டுங்கள்.

டூல்ரூம்_ராகவன்: ஈடுகட்டுவது சரி. ஆனால் டங்ஸ்டன் போடாமல் துல்லியம் வராது.

புல்லி_பாண்டியன்: ராகவன் சார், மாணவர் புராஜெக்டுக்கு ஸ்டெயின்லெஸ் கயிறே போதும். டங்ஸ்டன் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு சின்ன புல்லியில் வளைந்து வளைந்து எந்தக் கயிறும் தேயும். டாவின்சி கருவிக்கே இத்தனை அறுவைதான் என்று கணக்கு இருக்கிறதே.

செல்வி_கோவை: அந்தக் கணக்கு வியாபாரத்துக்காக. 10 தடவை என்றிருந்ததை 2020-ல் சில கருவிகளுக்கு 12 முதல் 18 வரை ஆக்கினார்களே, கயிறு திடீரென்று பலமாகிவிட்டதா?

டூல்ரூம்_ராகவன்: ஒவ்வொரு தடவையும் கழுவி, நீராவியில் வைத்து எடுக்கிறார்கள். நோயாளியின் வயிற்றுக்குள் கயிறு அறுந்தால் யார் பொறுப்பு? சோதித்துப் பார்த்த பிறகுதான் கூட்ட முடியும். இதில் வியாபாரம் எங்கே வந்தது?

செல்வி_கோவை: கருவி விலையைப் பார்த்தால் தெரியும் எங்கே வந்தது என்று.

நித்யா_கே: இந்த வாதத்துக்கு மன்றத்தில் தனிப் பதிவு தொடங்குங்கள், ப்ளீஸ். கார்த்தி, பார்த்தீர்களா?

கார்த்தி_மெக்: ஒரே பக்கம்தான் சாய்ந்தது. நிரலில் சேர்த்ததும் நின்றுவிட்டது, ரொம்ப நன்றி அக்கா. 60 டிகிரிக்கு மேல் போனால் மட்டும் நூல் தொய்கிறது.

நித்யா_கே: அந்தக் கோணத்தில் நூல் ஐட்லரின் பள்ளத்தை விட்டு விலகுகிறதா? விலகினால் இருபக்க நீளமும் சமமாக மாறாது, ஒரு பக்கம் தொய்ந்துவிடும். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

புல்லி_பாண்டியன்: ரிவ்யூ முடிந்ததா தம்பி? படம் இன்னும் வரவில்லை.