ஐஸ் பெட்டி யாருடையது?

குழு: கொழிஞ்சாம்பாறை வீடு

செந்தில், காலை 7:40
பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம். கடை விஷயமாக உங்கள் யோசனை தேவைப்படுகிறது. நாளை மறுநாள் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் ஏஜென்ட் ஒப்பந்தத் தாளுடன் வருகிறார். 300 லிட்டர் ஃப்ரீசரை அவர்களே கொண்டுவந்து இறக்கித் தருவார்களாம். டெபாசிட் மட்டும் கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் அவர்கள் சரக்கைத் தவிர வேறு எதையும், ஒரு பால் பாக்கெட்டைக்கூட, வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கையெழுத்துப் போடலாமா, கடன் வாங்கியாவது சொந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளலாமா?

பெரியப்பா, காலை 7:52
எருமை வாங்கும் முன்னே நெய் விலை கூறாதே என்பார்கள். போன கோடையில் உன் கடையில் என்ன விற்றது, எது தேங்கியது என்பதை முதலில் எழுது.

செந்தில், காலை 8:20
எழுதுகிறேன், பெரியப்பா. மார்ச்சிலும் ஏப்ரலிலும் பள்ளிப் பிள்ளைகளும் தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர்களும் பத்து ரூபாய்க் கோனையும் குச்சி ஐஸையும் வாங்கி, பொள்ளாச்சிப் பேருந்து வருவதற்குள் கடை வாசலிலேயே தின்று முடித்தார்கள். அதே வேகத்தில் மே மாதமும் போகும் என்று நம்பி இரண்டு மடங்கு சரக்கு எடுத்தேன். ஆனால் 2025இல் தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. வழக்கமான ஜூன் 1க்கு எட்டு நாள் முன்பாக, 2009க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரமாக வந்த மழை அதுதான். மழை குறைவான நம் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்திலேயே காற்று குளிர்ந்து கோன் விற்பனை படுத்துவிட்டது. போதாக்குறைக்கு ஓர் இரவு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. காலையில் மூடியைத் திறந்தால் கோன்களெல்லாம் தலை சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஏஜென்ட் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அந்த மழையிலும் அரை லிட்டர், ஒரு லிட்டர் டப்பாக்கள் நிற்காமல் போயின. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பார்சலோடு ஒரு டப்பாவும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு இப்போது நம் தெருவில் இல்லை.

பிரபு, காலை 8:41
அண்ணா, பெங்களூரில் நான் வேலை செய்யும் கிடங்கிலும் இதே கதைதான். பத்து நிமிடத்தில் பொருளைக் கொண்டுவந்து கொடுக்கும் செயலிகள் வந்த பிறகு ஐஸ்கிரீம் வெயிலின் பிடியிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு ஆர்டர் குவிவது மதியம் இரண்டு மணிக்கு அல்ல, இரவுச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு மேல்தான். டிசம்பர் குளிரிலும் அந்த நேரத்துக்கு டப்பா எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். 2020 ஊரடங்கில் பார்லர்களும் திரையரங்குகளும் கல்யாண மண்டபங்களும் மூடிக் கிடந்தபோது ஜனங்கள் டப்பாவை வீட்டுக்கு வாங்கி வைத்துச் சாப்பிடப் பழகினார்கள், அந்தப் பழக்கம் பிறகு போகவேயில்லை.

பெரியப்பா, காலை 8:55
எங்கள் காலத்தில் ஐஸ்கிரீம் என்பது தேர்த் திருவிழாவுக்கும் பாலக்காட்டு சினிமாவுக்கும் உரிய பண்டம். 1997 வரை அதன் தயாரிப்பு சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது என்பதைப் பிள்ளைகள் மறந்துவிட்டீர்கள். அமுல் ஐஸ்கிரீமே 1996இல்தான் வந்தது. 1970இல் இராயபுரத்தில் சின்ன அளவில் தொடங்கிய அருண் ஐஸ்கிரீம், பெரிய நகரத்தில் பெரிய பெயர்களோடு மோதிக்கொண்டிருக்காமல் சின்ன ஊர்களைத் தேடிப் போய் வளர்ந்தது. ஆகையால் சின்ன ஊர்க் கடை என்று உன்னை நீயே தாழ்த்திக்கொண்டு அந்த ஏஜென்டிடம் பேசாதே.

ராசு மாமா, காலை 9:10
மாப்பிள்ளை, பால் சொசைட்டிக்கு நாற்பது வருஷமாகப் பால் ஊற்றுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். யார் பெட்டியாக இருந்தாலும், உள்ளே வரும் டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார். வெறுமனே ஐஸ்கிரீம் என்று போட வேண்டுமென்றால் அதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் போட முடியும். வெண்ணெயைவிடப் பாமாயில் மலிவு, கணக்கு அவ்வளவுதான். இது 2017இல் பெரிய வழக்காகவே ஆனது: ஃப்ரோசன் டெசர்ட்டில் வனஸ்பதி இருப்பதாக அமுல் விளம்பரம் செய்ய, அதை விற்றுவந்த இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போக, அந்த விளம்பரத்தை நிறுத்தும்படி உத்தரவானது. விளம்பரம் நின்றுபோனாலும் டப்பாவைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு ஒட்டிக்கொண்டது.

கவிதா, காலை 9:18
சிலருக்கு மட்டும் இல்லை மாமா. பாலக்காட்டில் எங்கள் அடுக்குமாடியில் பெண்கள் எல்லோரும் சிறிய எழுத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். சர்க்கரை சேர்க்காதது, புரோட்டீன் கூட்டியது என்று வருகிற டப்பாக்களுக்கு விலை இரண்டு மடங்காக இருந்தாலும் வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் சர்க்கரை சேர்க்காதது என்றால் சர்க்கரையே இல்லாதது என்று பொருள் இல்லை, பாலில் இயல்பாக இருக்கும் லாக்டோஸ் எங்கே போகும்? இதை அப்பாவுக்காகவே எழுதுகிறேன். போன வாரம் அரை டப்பா காலியாகியிருந்தது.

பெரியப்பா, காலை 9:21
அது வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் சாப்பிட்டது.

ராசு மாமா, காலை 9:24
விருந்தாளிகள் இருக்கட்டும். செந்தில், கடையில் தராசு இருக்கிறதல்லவா, வெவ்வேறு கம்பெனியின் அரை லிட்டர் டப்பா இரண்டை எடுத்து நிறுத்துப் பார்.

செந்தில், காலை 9:47
பார்த்துவிட்டேன் மாமா, தராசின் படத்தைக் கீழே போடுகிறேன். காலி டப்பாவின் எடையைக் கழித்துவிட்டால் ஒன்றில் 272 கிராம் இருக்கிறது, மற்றொன்றில் 338 கிராம். இரண்டின் மேலும் 500 மில்லி என்றுதான் போட்டிருக்கிறது, விலையில் ஐந்து ரூபாய்தான் வித்தியாசம்.

ராசு மாமா, காலை 9:55
அதுதான் காற்றின் கணக்கு. குளிரக் குளிரக் கடையும்போது காற்று உள்ளே போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பாறை மாதிரி இறுகிவிடும். ஆனால் லிட்டருக்கு 525 கிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அரை லிட்டருக்கு 262 கிராம் சொச்சம் வந்தாலே தேறிவிடுமே, அதனால் உன் 272 குற்றமில்லை. நாங்கள் பாலைக் கொழுப்புப் பார்த்து விற்கிறோம், அவர்கள் காற்றை லிட்டரில் அளந்து விற்கிறார்கள்!

அத்தை, காலை 10:15
செந்தில் கண்ணு, இன்னொன்றையும் யோசித்துப் பார். போன மாதம் முதலமடையிலிருந்து வந்த மாம்பழத்தைக் கூழாக்கி வைத்திருக்கிறேன். நாட்டிலேயே முதலில் பழுத்துச் சந்தைக்கு வருகிற மாம்பழங்களில் ஒன்று நம் பக்கத்து மாம்பழம், டில்லிக்கும் பம்பாய்க்கும் லாரியில் போகிறது. நம் கடையில் மட்டும் எசன்ஸ் வாசம் அடிக்கிற மேங்கோ கோன் விற்கிறோம். கர்நாடகத்து முல்கியில் பழம் விற்றவரின் மகன் பம்பாய் ஜுகுவில் 1984இல் தொடங்கிய நேச்சுரல்ஸ் கடை, பழத்தையும் இளநீர் வழுக்கையையும் வைத்தே நாடு முழுக்கப் பெயர் வாங்கியதல்லவா? பொள்ளாச்சி இளநீர் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் செய்து தருகிறேன், நீ விற்கிறாயா?

கவிதா, காலை 10:22
அத்தை செய்யும் மாம்பழ ஐஸ்கிரீமுக்கு என் வீட்டில் எப்போதும் அடிதடிதான். எனினும் விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு முதலில் வேண்டும். வரியையும் யோசிக்க வேண்டும்: 2017இல் ஜி.எஸ்.டி வந்தபோது சிறு உற்பத்தியாளர் விற்பனையில் ஒரு சிறு பங்கை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் சலுகையிலிருந்து பான் மசாலா, புகையிலையோடு சேர்த்து ஐஸ்கிரீமையும் விலக்கி வைத்தார்கள்.

அத்தை, காலை 10:25
அம்மிணி, என் மாம்பழம் புகையிலையோடு சேர்த்தியா?

செந்தில், காலை 10:40
வரி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஐஸ்கிரீமுக்கான ஜி.எஸ்.டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 250 ரூபாய் டப்பா கணக்குப்படி 222 ரூபாய் சொச்சத்துக்கு வர வேண்டும், வாங்குகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரிகிறது, இன்னும் கொஞ்சம் பெரியதாக எடுத்துக்கொள்ளலாமே என்று கை நீள்கிறது. பத்து ரூபாய்க் கோனுக்கு அதே கணக்கு 8 ரூபாய் 90 காசு. அந்தக் காசுக்கு நான் எந்தச் சில்லறையைக் கொடுப்பது? ஆகவே வரிக் குறைப்பின் பலனும் டப்பா பக்கமே சாய்ந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் கோனை விட்டுவிடவும் முடியாது. டப்பா வாங்க வருகிறவரைக் கடைக்குள் இழுத்து வருவதே அவருடைய பிள்ளை கேட்கும் கோன்தான்.

பிரபு, காலை 10:52
அப்படியானால் பெட்டி இரண்டாக இருக்கட்டும் அண்ணா. கோனுக்கும் குச்சிக்கும் ஏஜென்டின் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள்; அதில் அவர்கள் சொல்வதே சட்டமாக இருக்கட்டும். டப்பாவுக்கு உங்கள் சொந்தப் பெட்டி வேண்டும். நாலு கம்பெனி டப்பாவையும் அருகருகே வைத்தால்தான் வருகிறவர் மேலே எழுதியிருப்பதைப் படித்துத் தேர்ந்தெடுப்பார். இன்றைய வாடிக்கையாளர் ஒரே பெயரில் நிற்பதில்லை, இன்று மில்மா, நாளை அருண், மறுநாள் பெல்ஜியம் சாக்லேட் என்று மாறிக்கொண்டே இருக்கிறார். கம்பெனிப் பெட்டி ஒன்றை மட்டும் நம்பினால், அவர் மாறும்போது கடையையும் மாற்றிவிடுவார்.

செந்தில், காலை 11:05
இரண்டு பெட்டி என்றால் கரண்ட் பில் இரண்டு மடங்கு. சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி குளிர் இரவும் பகலும் நிற்க வேண்டும். ஒருமுறை இளகி மறுபடி உறைந்துவிட்டால் நாக்கில் மணல் போல நறநறக்கும், அந்த வீட்டுக்காரர் மறுபடி என் கடைக்கு வரமாட்டார்.

பெரியப்பா, காலை 11:12
உன் சித்தப்பா பால் கூலருக்கு வைத்திருந்த ஜெனரேட்டர் மாட்டுக் கொட்டகையில் தூசி தின்றுகொண்டு கிடக்கிறது. அதைப் பழுது பார்க்க என்ன ஆகும் என்று இன்றே சித்தூருக்குப் போய்க் கேட்டு வா. தொகை தெரியாமல் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டால் எத்தனை நாளில் டெபாசிட் வரும், கரண்ட் போய்க் கெட்ட சரக்கு யார் கணக்கு என்ற இரண்டையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்.

செந்தில், காலை 11:15
சரி பெரியப்பா, மதியம் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறேன். அத்தை, அந்த மாம்பழக் கூழில் ஒரு கிலோ எடுத்து வையுங்கள். பதிவெல்லாம் வரும்வரை விற்கப்போவதில்லை, செய்து பார்த்து 500 மில்லிக்கு எத்தனை கிராம் வருகிறது என்று நம் தராசில் நிறுத்துவோம்.

பெரியப்பா, காலை 11:16
நிறுத்தானதும் அந்த டப்பாவை இங்கே கொடுத்து அனுப்பு.

கவிதா, காலை 11:17
அனுப்ப வேண்டாம், அண்ணா.