பிசிக்கு ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல்: ஜி29, டி300, மோசா ஆர்5 – எதை எடுப்பது?

தார்ச்சாலை:

வணக்கம் நண்பர்களே. பிசியில் அசெட்டோ கோர்சா, அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே என்ற இரண்டு கார் ரேஸ் கேம்களும் ஓட்டுகிறேன். இடையிடையே யூரோ டிரக் சிமுலேட்டர் 2. இதுவரை கேம்பேட்தான். இப்போது நல்ல ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல் (மோட்டார் மூலம் காரின் விசையைக் கைக்குத் தரும் ஸ்டீயரிங்) வாங்க 60,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். பார்த்து வைத்திருப்பவை லாஜிடெக் ஜி29 அல்லது ஜி923, த்ரஸ்ட்மாஸ்டர் டி300 ஆர்எஸ், மோசா ஆர்5 பண்டில்.

தனி ரிக் (வீல், பெடல், சீட் மாட்டும் சட்டகம்) வைக்க இடமில்லை. 18 மிமீ பிளைவுட் மேசையில் கிளாம்ப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். தரை டைல்ஸ், நாற்காலிக்கு அடியில் சக்கரம். அடுத்த வருடம் பிஎஸ்5 வாங்கலாம் என்ற எண்ணமும் உண்டு, உறுதியில்லை.

கியர், பெல்ட், டைரக்ட் டிரைவ் என்கிறார்களே, அந்த வித்தியாசம் ஓட்டும்போது கைக்குத் தெரியுமா? 5 நியூட்டன்மீட்டர் போதுமா, இல்லை சேர்த்து வைத்து 8, 9-க்குப் போகலாமா?

வளைவுநேரம்:

பிஎஸ்5 வேண்டுமா வேண்டாமா என்பதை முதலில் தீர்த்துவிடுங்கள். உங்கள் பட்டியலில் பாதி அந்த ஒரு பதிலிலேயே கழிந்துவிடும். கன்சோல்கள் உரிமம் பெற்ற வீலை மட்டும்தான் ஏற்கும். மோசா ஆர்5 பிசிக்கு மட்டும். ஜி29, டி300 ஆர்எஸ் இரண்டும் பிளேஸ்டேஷன், பிசி இரண்டிலும் ஓடும், எக்ஸ்பாக்ஸில் ஓடாது. ஜி923 ஒரே பெயரில் இரண்டு மாடலாக வருகிறது, ஒன்று பிளேஸ்டேஷனுக்கு, மற்றது எக்ஸ்பாக்ஸுக்கு. பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். ஃபனாடெக் என்ற பிராண்டில் பிளேஸ்டேஷன் உரிமம் பேஸில் (மோட்டார் இருக்கும் பெட்டி) இருக்கிறது, எக்ஸ்பாக்ஸ் உரிமம் ரிம்மில் (கையில் பிடிக்கும் வளையம்) இருக்கிறது. அதனால் சாதாரண சிஎஸ்எல் டிடி பேஸை என்ன ரிம் மாட்டினாலும் பிஎஸ்5 ஏற்காது; கிரான் டுரிஸ்மோ பெயரோடு வரும் டிடி ப்ரோ போல பிளேஸ்டேஷன் உரிமம் உள்ள பேஸ்தான் வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. கைக்குத் தெரியும், அதுவும் எங்கே தெரிய வேண்டுமோ அங்கே. அசெட்டோ கோர்சா போன்ற சிமுலேட்டரில் ஸ்டீயரிங்குக்கு வரும் விசை, முன் டயர் தன்னை நேராக்கிக்கொள்ள முயலும் விசையிலிருந்து கணக்கிடப்படுகிறது. வளைவில் டயர் பிடிக்கப் பிடிக்க வீல் கனக்கும். பிடியின் உச்சத்தை நெருங்கும்போது, டயர் வழுக்கத் தொடங்கும் முன்பே, அந்தக் கனம் குறையத் தொடங்கும். அண்டர்ஸ்டியர் (திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வெளிப்பக்கம் விலகுவது) வரப்போகிறது என்பதற்கான முதல் சேதி அந்தச் சிறிய இளக்கம். அது கைக்கு வந்து சேருகிறதா என்பதை வைத்துத்தான் ஒரு வீலை மதிப்பிட வேண்டும்.

கியர் வீலில் (ஜி29, ஜி923) மோட்டாருக்கும் ரிம்முக்கும் நடுவே பற்சக்கரங்கள். பற்களுக்கு இடையே இருக்கும் சிறு இடைவெளியால் மையத்தில் கொஞ்ச தூரத்துக்கு எதுவுமே தெரியாது. கெர்ப் (ட்ராக் ஓர விளிம்பு) மேல் ஏறினால் கடகடவென்று சத்தம். சின்ன இளக்கங்கள் பற்களின் உராய்வில் கரைந்துவிடும். பெல்ட்டில் (டி300) சத்தம் இல்லை, மையத்தில் வெற்றிடம் இல்லை. ஆனால் ரப்பர் கூர்மையான அதிர்வுகளை மழுக்கிவிடும், நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டார் சூடேறி விசையும் தணியும். டைரக்ட் டிரைவில் ரிம் நேராக மோட்டார் அச்சிலேயே உட்காருவதால் இடையில் எதுவும் தொலைவதில்லை.

விசை எவ்வளவு என்பதைக் கைக்குப் புரியும் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். டார்க்கை (நியூட்டன்மீட்டரில் சொல்லும் திருப்புத் திறன்) ரிம்மின் ஆரத்தால் வகுத்தால் விளிம்பில் உணரும் விசை கிடைக்கும். 28 செமீ விட்டமுள்ள ரிம்முக்கு ஆரம் 0.14 மீட்டர். ஜி29 தருவது 2 நியூட்டன்மீட்டரைச் சற்றே தாண்டும், விளிம்பில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை. ஆர்5 தரும் 5.5-இல் அது 4 கிலோ. 8-க்குப் போனால் 5.8 கிலோ. ஒன்றரையிலிருந்து நாலுக்குப் போவது பெரிய மாற்றம். நாலிலிருந்து ஆறுக்குப் போவதும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் மேசை அதைத் தாங்காது.

பிசி மட்டும் என்றால் என் பதில் ஆர்5. பிஎஸ்5 உறுதி என்றால் டி300. அதில் மூன்று பெடல் கொண்ட ஜிடி எடிஷனைப் பாருங்கள். சாதாரணப் பெட்டியில் இரண்டு பெடல்தான் வரும்.

ஆறாம்கியர்:

வளைவுநேரம் சொன்னது சரி, ஆனா எல்லாரும் மோட்டாரையே பேசிட்டு பிரேக்கை விட்டுடறாங்க. லேப் டைம் குறையறது பிரேக்லதான் ப்ரோ. சாதாரண பெடல் நீங்க எவ்வளவு தூரம் மிதிச்சீங்கன்னு அளக்குது. லோட் செல் பெடல் எவ்வளவு பலமா மிதிச்சீங்கன்னு அளக்குது. காலுக்கு தூரத்தை விட பலம்தான் நல்லா ஞாபகம் இருக்கும், அதனால ஒவ்வொரு லேப்லயும் அதே இடத்துல அதே அளவு பிரேக் விழும். ஆர்5 பண்டில்ல வர்ற எஸ்ஆர்-பி லைட் பெடல்ல லோட் செல் கிடையாது, ஸ்பிரிங்கும் மென்மை. கடினமான ஸ்பிரிங் உள்ள பிரேக் பெர்ஃபார்மன்ஸ் கிட்னு மோசாவே தனியா விக்கறாங்க, அதை முதல் நாளே சேர்த்து வாங்குங்க. லோட் செல் அப்புறம் பாத்துக்கலாம்.

இப்ப டைல்ஸ் பிரச்சினை. கடினமான பிரேக்கை மிதிச்சா பெடல் முன்னாடி ஓடும், சக்கர நாற்காலி பின்னாடி ஓடும். ரெண்டையும் தனித்தனியா நிறுத்தப் பாக்காதீங்க, ஒண்ணோட ஒண்ணைக் கட்டுங்க. 18 மிமீ பிளைவுட் பலகை ஒண்ணு, பெடலை விட அகலமா, சுவர்ல முட்டற அளவு நீளமா வெட்டிக்கோங்க. பெடலை அடியில இருக்கற ஓட்டை வழியா பலகையில போல்ட் போட்டு இறுக்குங்க. பலகைக்கு அடியில ரப்பர் ஷீட். நாற்காலியோட நடுத்தண்டுல இருந்து பலகைக்கு பை தைக்கற கடையில கிடைக்கற 25 மிமீ நைலான் பட்டை ஒண்ணு, பக்கிள் வச்சு. நீங்க மிதிக்கற விசை அந்தப் பட்டையிலயே அடங்கிடும், எதுவும் நகராது. நாலு கால் மர நாற்காலி இருந்தா இன்னும் நல்லது.

மேசைக்கு: கிளாம்பை நடுவுல போடாதீங்க, பலகை அங்கதான் அதிகமா வளையும். மேசைக்கால் இருக்கற பக்கமா நகர்த்துங்க. கிளாம்புக்கு மேலயும் கீழயும் 3 மிமீ ரப்பர் வைங்க. மேசை பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கணும், பின் கால் ரெண்டுக்கும் நடுவுல குறுக்குச் சட்டம் ஒண்ணு அடிச்சா பாதி ஆட்டம் நின்னுடும். மேசை ஆடினா மோட்டார் குடுக்கற சின்ன அதிர்வெல்லாம் மரத்துக்குத்தான் போகும், கைக்கு வராது. 9 நியூட்டன்மீட்டர் பேஸ் வாங்கி ஆடற மேசையில மாட்டறதை விட 5.5 வாங்கி அசையாத மேசையில மாட்டறது எவ்வளவோ மேல்.

டிரக் ஓட்ட கியர் ஷிஃப்டர் வேணும்னா ஒண்ணு கவனிங்க. லாஜிடெக் ஷிஃப்டர் லாஜிடெக் வீல்லதான் நேரா செருகும், மோசாவோட வைக்கணும்னா தனியா யூஎஸ்பி அடாப்டர் வேணும்.

தார்ச்சாலை:

மிக்க நன்றி இருவருக்கும். பிஎஸ்5-ஐ ஒதுக்கிவிட்டேன், பிசி மட்டும்தான். இன்னும் இரண்டு சந்தேகம். தெரிந்தவரிடம் பழைய ஜி29 ஒன்று பாதி விலைக்கு வருகிறது. அதை எடுத்து ஒரு வருடம் ஓட்டிவிட்டு மாறுவது புத்திசாலித்தனமா? எடுத்தால் என்னென்ன சோதிக்க வேண்டும்? அப்புறம், கிளிப்பிங் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள், அது என்ன?

மின்கம்பி:

பழைய ஜி29 மோசமான யோசனை இல்லை. டிரக் சிமுலேட்டருக்கு அதுவே தாராளம், 900 டிகிரி சுழலும், மூன்று பெடலும் உண்டு. ஆனால் வளைவுநேரம் சொன்ன அந்த இளக்கத்தை உணர வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், அதில் அது மங்கலாகத்தான் வரும். காம்பெட்டிசியோனேவை முக்கியமாக ஓட்டுபவருக்கு நான் ஆர்5 என்றே சொல்வேன்.

எடுப்பதாக இருந்தால் விற்பவர் வீட்டிலேயே பிசியில் மாட்டிச் சோதியுங்கள். மின்சாரம் கொடுத்து யூஎஸ்பி செருகியதும் வீல் தானாக இரண்டு பக்கமும் கடைசி வரை சுழன்று மையத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் கை வைக்கக் கூடாது. நேராக நிற்காமல் சாய்ந்து நின்றால் சந்தேகப்படுங்கள். பிறகு ஒரு கேமைத் திறந்து இடமும் வலமும் வேகமாகக் கடைசி வரை பத்துப் பன்னிரண்டு முறை திருப்பிவிட்டு, மையம் பழைய இடத்திலேயே இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் மோட்டார் அச்சில் சுழற்சியை அளக்கும் என்கோடர் தட்டு விரிசல் விட்டிருக்கலாம். அதைக் கழற்றி மாற்ற முடியும் என்றாலும், அந்த வேலை தெரியாதவர் அந்தப் பொருளை எடுக்க வேண்டாம்.

அடுத்து விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தில் மூன்று பெடலையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கோடு சீராக ஏற வேண்டும். இடையில் துள்ளினால் உள்ளே பெடல் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை மிதித்தால் பெரும்பாலும் சரியாகும். பிரேக் கடைசியில் கல் போல் இறுகுவது கோளாறு இல்லை, உள்ளே ரப்பர் கட்டை ஒன்று இருக்கிறது. கிளாம்ப் திருகுகளின் பிளாஸ்டிக் மரை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேய்ந்திருந்தால் அடியில் எம்6 போல்ட் போட ஓட்டைகள் உண்டு, மேசையில் துளையிட்டு நேராக இறுக்கிவிடலாம்.

வளைவுநேரம்:

கிளிப்பிங் பற்றி நான் சொல்கிறேன். கேம் அனுப்பும் விசைக்கு 100 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. கெயினை (விசையின் அளவை) ஏற்றி வைத்தால் நடுத்தர வளைவிலேயே அந்த உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் டயர் என்ன சொன்னாலும் வீலில் ஒரே கனம்தான். இளக்கம் தெரிய வேண்டிய இடத்தில் தட்டையான கோடு வரும். வீல் கனமாக இருப்பதால் நன்றாக இருப்பது போலத் தோன்றும், சேதி மட்டும் வராது.

அசெட்டோ கோர்சாவில் பெடல்களைக் காட்டும் ஆப்பைத் திறந்தால் பக்கத்திலேயே ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டை இருக்கும். உச்சத்தைத் தொட்டால் சிவப்பாகும். நீளமான வேக வளைவு உள்ள ஒரு ட்ராக்கில் மூன்று லேப் ஓட்டுங்கள். கெர்ப் மேலும் சுவரில் மோதும்போதும் கண நேரம் சிவந்தால் பரவாயில்லை. வளைவு முழுக்க சிவந்தே இருந்தால் நம்பேடில் கழித்தல் விசையைத் தட்டி அந்தக் காருக்கு மட்டும் குறையுங்கள். காருக்குக் கார் இது மாறும்.

டிரைவர் மென்பொருளில் விசை 100, சுழற்சி 900 என்று வைத்துவிட்டு, கூட்டல் குறைத்தலைக் கேமுக்குள் செய்யுங்கள். கெர்ப், ரோடு, ஸ்லிப் எஃபெக்ட் மூன்றையும் பூஜ்யமாக்குங்கள். அவை டயரிலிருந்து வருபவை இல்லை, மேலே தூவப்படும் அதிர்வு. மினிமம் ஃபோர்ஸ் (சின்ன விசையும் வீலில் தெரியும்படி கூட்டிக்கொடுக்கும் அளவு) டைரக்ட் டிரைவுக்கு 0. ஜி29 என்றால் பூஜ்யத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நேர் சாலையில் வீல் தானாகப் படபடக்கத் தொடங்கும் இடத்துக்கு ஒன்றிரண்டு கீழே நிறுத்துங்கள். வீலின் விசையைச் சீராக்கும் எல்யூடி கோப்பு பயன்படுத்துகிறவர்கள் மினிமம் ஃபோர்ஸை மறுபடி 0 ஆக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே திருத்தம் இரண்டு முறை விழும்.

ஆர்5-இல் நேர் சாலையில் கையை எடுத்தால் வீல் இடவலமாக ஆடத் தொடங்கும். பழுது என்று பயப்பட வேண்டாம், பிடித்து ஓட்டும்போது கையே அதை அடக்கிவிடும். அப்படியும் தொந்தரவு என்றால் மோசாவின் பிட் ஹவுஸ் மென்பொருளில் வீலின் ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பிங்கைப் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் சேறு கிண்டுவது போலாகி, விவரம் போய்விடும்.

இன்னொன்று, கட்டை விரலை ஆரக்கால்களுக்குள் கொக்கி போல மாட்டாமல் ரிம் மேலேயே வையுங்கள். சுவரில் மோதப் போகிறது என்று தெரிந்தால் கையை விட்டுவிடுங்கள். விளிம்பில் 4 கிலோ திடீரென்று திரும்பினால் விரல் சுளுக்கும்.

ஆறாம்கியர்:

யூஎஸ்பியை ஹப்ல போடாதீங்க, மதர்போர்டு பின்பக்க போர்ட்ல நேரா செருகுங்க. விண்டோஸ் பவர் செட்டிங்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (மின்சாரம் மிச்சம் பிடிக்க போர்ட்டை தூங்க வைக்கிறது) அணைச்சிடுங்க. ரேஸ் நடுவுல வீல் செத்துப் போற புகார்ல பாதி இதுதான்.

மின்கம்பி:

கடைசியாக எர்த். ஆர்5 பேஸ் முழுக்க அலுமினியம், ஓடும்போது வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். ஆனால் புறங்கை பட்டால் மெல்லிய சுருக்கென்ற உணர்வு வந்தால் அது மோட்டாரின் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. எர்த் சரியில்லாத சாக்கெட்டில் பிசியின் பவர் சப்ளையில் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் யூஎஸ்பி கேபிளின் உறை வழியே பேஸ் வரை வந்துவிடும். அதே காரணத்தால் யூஎஸ்பி துண்டிப்பும் வரலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள்; ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருக்கும் 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் கம்பியையும் குழியையும் பார்க்க வேண்டும். பிசி, மானிட்டர், வீல் அடாப்டர் மூன்றையும் எர்த் உள்ள ஒரே போர்டில் செருகுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் கன்வெர்ட்டரை இதில் எங்கேயும் போட வேண்டாம்.