பவளத் தொட்டியில் பெருகும் ஐப்டேசியா: சுரண்டலாமா, சுண்ணாம்பு வைக்கலாமா?

தருமபுரி_கடல்தொட்டி:
அனைவருக்கும் வணக்கம். வீட்டில் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். இரண்டு க்ளவுன் மீன்களும், காளான் பவளங்களும், ஒரே பாறையில் நன்றாகப் படர்ந்த ஜோயாந்தஸ் (பொத்தான் போன்ற சிறு பவள வகை உயிர்கள்) கூட்டமும் அதில் உள்ளன. சில மாதங்களாகப் பாறை இடுக்குகளில் பழுப்பு நிறத்தில், ஒளி ஊடுருவும் தண்டும் நீண்ட கூரிய இழைகளும் கொண்ட சிறு கடற்சாமந்திகள் முளைத்து வருகின்றன. விரலை அருகில் கொண்டு சென்றாலே இடுக்குக்குள் மறைந்துவிடுகின்றன. அவற்றை ஒட்டியுள்ள ஜோயாந்தஸ்கள் இப்போது விரிவதில்லை. பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம் என்று ஒரு நண்பரும், பாறையை வெளியே எடுத்துக் கொதிநீரை ஊற்றிவிடுங்கள் என்று கடைக்காரரும் சொல்கிறார்கள். ஒகேனக்கல் குடிநீரை வீட்டு ஆர்ஓ கருவியில் வடித்துத்தான் உப்புக் கலக்கிறேன். நம் மாவட்டத்து நீரில் உள்ள ஃபுளோரைடுதான் இவற்றை வளர்க்கிறதோ என்ற ஐயமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கிருஷ்ணகிரி_ரீஃப்:
நண்பரே, முதலில் அந்தக் கொதிநீர் யோசனையை முற்றிலும் கைவிடுங்கள். ஜோயாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. அவை படர்ந்த பாறையில் கொதிநீரை ஊற்றினாலோ பாறையை வேகவைத்தாலோ அந்த நஞ்சு நீராவியோடு காற்றில் கலந்து, அறையில் இருக்கும் அனைவருக்கும் காய்ச்சலையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். வெளிநாடுகளில் இப்படிக் குடும்பமாக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. கொதிக்கவைப்பதால் நஞ்சு அழியும் என்று நம்பவும் கூடாது. அந்தப் பாறையைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

நீங்கள் விவரிப்பது ஐப்டேசியா என்ற, தொட்டிகளில் களையாகப் பரவும் கடற்சாமந்திதான். மஜானோ என்று இன்னொரு தொல்லை உண்டு. அதன் இழைகள் குட்டையாக, நுனி சற்று உருண்டு, பெரும்பாலும் பச்சை கலந்து இருக்கும். நீண்ட கூரிய இழைகளும் தொட்டவுடன் உள்வாங்கும் வேகமும் ஐப்டேசியாவின் அடையாளங்கள். சுரண்டக் கூடாது என்பதற்குக் காரணம் அதன் பெருக்க முறையிலேயே இருக்கிறது. அது தன் அடித்தட்டிலிருந்து சிறு துணுக்குகளைப் பாறையில் விட்டுச் செல்லும், ஒவ்வொரு துணுக்கும் தனி உயிராக வளர்ந்துவிடும். பிளேடு அந்த வேலையை அதற்காக நாமே செய்து கொடுப்பதாகும். மேலும் அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியிலிருந்து உணவு தயாரித்துக் கொடுப்பதால், இரை கிடைக்காவிட்டாலும் அது பட்டினியால் சாவதில்லை. இவ்வளவு எளிதாக வளர்வதால்தான் பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய்பவர்கள் இதையே ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். 2015இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டும் இருக்கிறார்கள்.

ஃபுளோரைடு பற்றிய ஐயம் நம் ஊரில் இயல்பானது, ஆனால் இங்கே அது காரணமில்லை. கடல்நீரிலேயே லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. கவனிக்க வேண்டியவை நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். வீட்டு ஆர்ஓ கருவி நைட்ரேட்டை முழுவதும் பிடிக்காது. அதற்குப் பின் ஒரு டிஐ ரெசின் (மிச்ச அயனிகளைப் பிடிக்கும் பிசின்) குப்பியை இணைத்து, டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்புகளை அளக்கும் கருவி) சுழியம் காட்டும் நீரில் மட்டும் உப்பைக் கலக்குங்கள்.

ஓசூர்_பவளம்:
மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஐப்டேசியாக்கள் இருபதுக்கும் குறைவாக இருந்தால் எனக்குப் பிடித்தது சுண்ணாம்புப் பசை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. உணவுத் தரத்திலோ ஆய்வகத் தரத்திலோ கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கி, சிறிது ஆர்ஓ நீர் விட்டுத் தோசை மாவு பதத்தில் குழைத்து, மழுங்கிய ஊசி பொருத்திய சிரிஞ்சில் ஏற்றிக்கொள்ளுங்கள். பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்), ரிட்டர்ன் பம்ப் (நீரை மேலே திருப்பி அனுப்புவது) எல்லாவற்றையும் நிறுத்தி நீர் அசைவற்றதும், ஊசி முனையை மிக மெதுவாக வாயருகே கொண்டு சென்று, இரை என்று நினைத்து அது விழுங்கும்படி ஒரு துளி விடுங்கள். பிறகு உடல் முழுவதையும் பசையால் மூடி, அது உள்வாங்கும் துளையையும் அடைத்துவிடுங்கள். அவசரப்பட்டுக் குத்தினால் உள்ளே போய்விடும், அன்றைக்கு அதை மறந்துவிட வேண்டியதுதான். கால் மணி நேரம் கழித்துப் பம்புகளை ஓடவிடலாம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பசை கடுங்காரமானது, கண்ணிலும் தோலிலும் படக் கூடாது. மற்றொன்று, உங்கள் தொட்டி சிறியது. ஒரே நாளில் எல்லாவற்றையும் தீர்த்துவிட முயன்றால் நீரின் பிஎச் சட்டென்று ஏறி மீன்களைக் கொன்றுவிடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கோடு நிறுத்தி, பிஎச் 8.5ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோயாந்தஸ் நடுவே உள்ளவற்றில் மட்டும் பசை பக்கத்தில் வழியும் என்பதால் மிகக் குறைவாக விட வேண்டும்.

பாலக்கோடு_நீர்வாழ்:
ஓசூர் அண்ணன் சொன்ன முறை கண்ணுக்குத் தெரிபவற்றுக்குத்தான் உதவும். பாறையின் பின்புறத்திலும் அடியிலும் இருப்பவற்றை எந்த ஊசியும் எட்டாது. அதனால் பெப்பர்மின்ட் இறால்கள் மூன்று நான்கு விடுவதையே நான் பரிந்துரைப்பேன். வாங்கும்போது மட்டும் விழிப்பு வேண்டும். ஒட்டக இறாலையும் இதே பெயரில் விற்பதுண்டு. அதன் முதுகு கூனியிருக்கும், கண்கள் பெரியவை, சிவப்பு உடலில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் பளிச்சென்று தெரியும். அது உங்கள் காளான் பவளங்களையும் ஜோயாந்தஸையும் கடித்துத் தின்னும். பெப்பர்மின்ட் இறாலின் உடல் ஓரளவு ஒளி ஊடுருவுவதாக, மெல்லிய சிவப்புக் கோடுகளோடு இருக்கும்.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவழைப்பதானால், கோடையில் இரவுப் பயணமாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்த்துப் பழக்கிய பிறகே விட வேண்டும். எல்லா இறாலும் ஐப்டேசியாவைத் தின்பதில்லை. தீவனம் மிஞ்சிக் கிடந்தால் எதுவுமே அதைத் தொடாது. பெரிதாக வளர்ந்தவற்றை அவை பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆகவே பெரியவற்றுக்குச் சுண்ணாம்பு, குட்டிகளுக்கு இறால் என்று இரண்டையும் சேர்த்துக் கையாளுங்கள். மீன் மருந்தாகச் செப்பு கலந்த எதையும் இனி அந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள், இறால்கள் பிழைக்காது. ஐப்டேசியாவைத் தின்னும் என்று காப்பர்பேண்ட் மீனை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். அதற்கு 150 லிட்டர் போதாது, உணவுக்குப் பழக்குவதும் கடினம்.

தருமபுரி_கடல்தொட்டி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொதிநீர் பற்றிய எச்சரிக்கையைக் கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள். கீழே உள்ள சம்ப் எனும் வடிகட்டித் தொட்டியின் சுவரிலும் குழாயின் வாயிலும் சில குட்டிகள் தெரிகின்றன, அவற்றை என்ன செய்வது? பெருகிவிட்ட பாறையை நீக்கிவிட்டு வேறு லைவ் ராக் (உயிரினங்கள் ஒட்டி வாழும் கடற்பாறை) வாங்கலாமா?

கிருஷ்ணகிரி_ரீஃப்:
சம்ப்பை அப்படியே விட்டால் அங்கிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். அதில் பவளம் எதுவும் இல்லை என்றால் குழாய்களைக் கழற்றி, சம்ப்பைக் காலி செய்து, நன்னீரில் கழுவித் துடைத்து, வெயிலில் முழுவதும் காயவைத்த பின் பொருத்துங்கள். உயிர் வடிகட்டிக் கற்கள் அதில் இருந்தால் அவற்றை மட்டும் தனி வாளியில் கடல்நீரில் வைத்திருங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துக் குட்டிகள் ஒட்டியவற்றை நீக்கிவிடுங்கள்.

லைவ் ராக் வேண்டாம். மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவந்து விற்கும் பவளப் பாறையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செயற்கையாகச் செய்த உலர்ந்த பாறையை வாங்கினால் ஐப்டேசியா ஒட்டி வர வழியே இல்லை. புதிய பவளத் துண்டு வாங்கும்போது, அது ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கட்டையில் ஒட்டி, நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகு உள்ளே விடுங்கள்.