மூலக்கதையை மாற்றாமல் எடுப்பதும் திறமைதானா? (ஷெர்லாக் ஹோம்ஸ் தொடர்)

தேக்காவாசி:
பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சிக்காக 1984ல் ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரைத் தயாரித்த மைக்கேல் காக்ஸைப் பற்றி, "புத்தகத்தை அப்படியே படம் பிடித்தவர், அதில் என்ன பெரிய வேலை" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனசு ஆறவில்லை. துப்பறிவாளர் ஹோம்ஸ், அவருடைய நண்பர் வாட்சன் இருவரின் பழக்கவழக்கங்களைக் கதைகளிலிருந்து பொறுக்கியெடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் கொண்ட கையேடாகத் தன் குழுவினரோடு சேர்ந்து தொகுத்தவர் அவர். ஹோம்ஸ் புகையிலையைப் பாரசீகச் செருப்புக்குள் வைப்பார். பதில் எழுதாத கடிதங்களைக் கணப்படுப்புக்கு மேலே கத்தியால் குத்தி வைப்பார். கதையில் ஒரே வரியில் கடந்துபோகும் விஷயங்கள் இவை. வாட்சனைக் கோமாளியாகக் காட்டிய பழைய படங்களுக்குப் பிறகு, அவரை மறுபடியும் புத்தியுள்ள டாக்டராக நிமிர்த்தியதும் இந்தத் தொடர்தான்.

வெட்டுமேசை:
அண்ணே, உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'அப்படியே' எடுத்தார் என்பது சரியில்லை. 'தி ரெட் ஹெடட் லீக்' கதையில் ஹோம்ஸின் பெரிய எதிரியான மோரியார்ட்டி கிடையாது. தொடரில் அந்தக் கதையின் வங்கிக் கொள்ளைக்குப் பின்னால் அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காரணம், மூலத்தில் அவன் 'தி ஃபைனல் பிராப்ளம்' கதையில் திடீரென்று முளைத்து அதிலேயே அருவியில் விழுந்து சாகிறான். நான் இங்கே தமிழ் நாடகங்களுக்கு எடிட்டிங் செய்கிறவன். முதல்நாள் வந்த வில்லன் அன்றைக்கே செத்தால் பார்க்கிறவருக்கு ஒன்றும் உறைக்காது. 1985ல் ஒரு வாரம் முன்னாலேயே அவன் முகத்தைக் காட்டியதால்தான் ரைகன்பாக் அருவிக் காட்சி அடிவயிற்றைப் பிசைகிறது. அந்தத் துணிச்சலுக்காகத்தான் நான் காக்ஸை மதிக்கிறேன்.

ஈசூன்காரி:
என் அப்பா இந்தத் தொடரை நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டுதான் பார்ப்பார். விரல் வரிமேல் இருக்கும், கண் டிவியில் இருக்கும். வசனம் ஒத்துப்போனால் "ஆங், சரி" என்பார். 1987ல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' படத்தில், புத்தகத்தில் இருப்பதுபோல் கடைசியில் வாட்சனுக்கும், ஹோம்ஸிடம் உதவி கேட்டு வந்த மேரிக்கும் கல்யாணம் நிச்சயமாகவில்லை. மேரி தெருவில் நடந்துபோகிறாள், வாட்சன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்பா புத்தகத்தைப் பட்டென்று மூடி, "அந்தப் பிள்ளையை ஏன் தனியா அனுப்பிட்டாங்க?" என்றார். எனக்கும் அது வலித்தது. மாற்றம் எல்லாமே துணிச்சல் ஆகிவிடாது.

தேக்காவாசி:
அதைத்தான் நானும் சொல்கிறேன் தங்கச்சி. அந்தப் படத்தில் தயாரிப்பு ஜூன் விண்டம் டேவிஸ் கையில் இருந்தது, காக்ஸ் மேற்பார்வையில்தான் இருந்தார். 1991ல் அவர் மறுபடி தயாரிப்பாளராக வந்தார். அவர் போன பிறகு, 1993ல் 'தி லாஸ்ட் வாம்பயர்' என்று ஒரு சின்னக் கதையை இரண்டு மணி நேரத்துக்கு ஊதினார்களே, அதைப் பார்த்தால் கையேட்டின் அருமை புரியும்.

வெட்டுமேசை:
அந்தப் படம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கெடுத்தது மாற்றமா, நீளமா? ஒரு மணி நேரத்துக்கான கதையை இரண்டு மணி நேரமாக்கு என்று சேனல் சொன்னால் எந்தக் கையேடும் காப்பாற்றாது அண்ணே. இல்லாத பாத்திரம், இல்லாத சாவு, எதையாவது போட்டு நிரப்பித்தான் ஆகவேண்டும். மோரியார்ட்டி விஷயத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

தேக்காவாசி:
சொல்கிறேன். முதலில் அந்தப் பகுதியை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன், இந்த முறை புத்தகமில்லாமல்.