உன்ஹா-3 விழுந்தபோது எழுந்த கண்டனம் நியாயமா?

பட்டறைக்காரர், சூரமங்கலம்:
2012 ஏப்ரல் 13 அன்று வடகொரியா செயற்கைக்கோளுடன் ஏவிய உன்ஹா-3 ராக்கெட் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் உடைந்து மஞ்சள் கடலில் விழ, மூன்றாம் நாளே ஐ.நா. பாதுகாப்பு அவை அந்நாட்டைக் கடுமையாகக் கண்டித்தது. இதை நியாயம் என்று நான் ஏற்கவில்லை. விண்வெளி எல்லா நாடுகளுக்கும் பொது என்கிறது 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கை. என் லேத்தில் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைகிறேன். அதே சக்கில் தண்டைப் பிடித்துத் துப்பாக்கிக் குழலும் கடையலாம் என்பதற்காக யாராவது பட்டறையைப் பூட்டினால் சும்மா இருப்பேனா? ரஷ்யாவிடம் ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் இயந்திரம் வாங்கப் போன இஸ்ரோ மீது 1992-இல் அமெரிக்கா தடை விதித்ததும், ஏவுகணைக்கும் பயன்படலாம் என்ற இதே சந்தேகத்தின் பேரில்தான்.

ஆசிரியை, ஏற்காடு:
ஐயா, அந்த ஒப்பீடு பொருந்தவில்லை. 2006-இலும் 2009-இலும் அணுகுண்டு வெடித்துப் பார்த்த நாடு அது. அதனால்தான், ஏவுகணைத் தொழில்நுட்பம் கொண்ட எதையும் ஏவக் கூடாது என்று பாதுகாப்பு அவையின் 1874-ஆம் எண் தீர்மானம் தடுத்தது. உச்சியில் செயற்கைக்கோளை வைத்தாலும் கீழே எரிவது அதே தொழில்நுட்பம்தான்.

எனக்கு அதைவிட வலிப்பது வேறு. நெடுந்தூர ஏவுகணைச் சோதனைகளை நிறுத்திவைக்க அந்நாடு 2012 பிப்ரவரி 29 அன்று இசைந்தது. அதையொட்டி, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமாக 2,40,000 டன் சத்துணவு தர அமெரிக்கா முன்வந்தது. பதினாறே நாளில், மார்ச் 16 அன்று, உன்ஹாவை ஏவப்போவதாக அறிவித்தார்கள், அந்த உணவு கிடைக்காமலே போயிற்று. எங்கள் பள்ளியில் முட்டை ஒரு நாள் வராமல் போனாலே, தட்டேந்தி வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் கண்கள் அண்டாவுக்கும் என் முகத்துக்குமாக அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

வாசகர், அஸ்தம்பட்டி:
தோல்வியை அந்நாடு தானே அறிவித்ததையும், வெளிநாட்டு நிருபர்களை முன்கூட்டியே ஏவுதளத்துக்கு அழைத்துக் காட்டியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பட்டறைக்காரர், சூரமங்கலம்:
டீச்சர், 1979-இல் செயற்கைக்கோள் ஏவும் நம் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது, அடுத்த ஆண்டு வென்றது. அதன் முதல் அடுக்கைத்தான் 1989-இல் அக்னி ஏவுகணைக்குப் பொருத்தினோம். பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு, 1998-இல், ஏவுகணை உருவாக்கத்தை நிறுத்துமாறு பாதுகாப்பு அவையின் 1172-ஆம் எண் தீர்மானம் நமக்கும் சொன்னது. ஆனாலும் உன்ஹா விழுந்த ஆறாம் நாள் அக்னி-5 பறந்தபோது பாதுகாப்பு அவை வாய் திறக்கவில்லை.

ஆசிரியை, ஏற்காடு:
அக்னியைப் பற்றி நீங்கள் சொன்னது உறைக்கிறது, மறுக்க மாட்டேன். ஆயினும் 1172 கேட்டுக்கொண்ட தீர்மானம், 1874 ஐ.நா. சாசனத்தின் 7-ஆம் அத்தியாயத்தின் கீழ் வந்த கட்டளை. உணவை நிறுத்திய அமெரிக்காவையும் நான் மன்னிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்று அவர்களுடைய செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டியே விட்டது. பிப்ரவரியில் பேசிய உணவு அப்போதும் போய்ச் சேரவில்லை.