வாக்கர், ரோட்பிளாக்: தமிழில் என்ன சொல்லலாம்?

காட்பாடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சீசர் 3 (1998), ஃபாரோ (1999), ஜீயஸ் (2000), எம்பரர் (2002) ஆகிய நான்கு நகரமைப்புக் கணினி ஆட்டங்களுக்கும் சேர்த்து எழுதும் தமிழ்க் கையேட்டில் களஞ்சியம், கிடங்கு, ஆட்சேர்ப்பு எல்லாம் சிரமமில்லாமல் வந்துவிட்டன. முட்டுவது இரண்டே சொல்: வாக்கர், ரோட்பிளாக்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டங்களில் சந்தையோ தீயணைப்போ கட்டிவைத்த மாத்திரத்தில் அக்கம்பக்கத்துக்கு உதவாது. கட்டடத்திலிருந்து ஓர் ஆள் தெருவில் இறங்க வேண்டும். இப்படித் தெருவில் நடப்பவர்தான் வாக்கர். அவர் நடக்கும் பாதைக்கு இருபுறமும் 2 கட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்குத்தான் சேவை. சீசர் 3-இல் பெரும்பாலும் ஏறத்தாழ 26 கட்டம் போவார், பிறகு கிட்டத்து வழியாகத் திரும்புவார். முச்சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது நம் கையில் இல்லை. இவர் ஒரு வகை. கிடங்குக்குப் போய்ச் சரக்கெடுப்பவர், வண்டி தள்ளுபவர், குடியேற வருபவர் எல்லாம் இன்னொரு வகை. போகுமிடம் தெரிந்து நேரே போவார்கள். முதல் வகையினரை மட்டும் மறிக்கத் தெருவில் வைப்பது ரோட்பிளாக்.

முதலாமவருக்குத் திரியாள், இரண்டாமவருக்குச் செல்லாள், ரோட்பிளாக்குக்குச் சாலைத்தடுப்பு. சரிதானா?

ஆரணியிலிருந்து:

> முதலாமவருக்குத் திரியாள், இரண்டாமவருக்குச் செல்லாள்

அண்ணா, இலக்கணம் காலை வாருகிறது. வாராள், காணாள் என்பதுபோல் திரியாள் என்றால் திரிய மாட்டாள். செல்லாள் என்றால் போகவே மாட்டாள். சொல்ல வந்ததற்கு நேர் எதிர். கூலியாள், காவலாள் எல்லாம் பெயர்ச்சொல்லோடு ஆள் சேர்ந்தவை, அதனால் தப்பித்தன. வினையடியோடு ஒட்டினால் எதிர்மறையாகிவிடும். உலாவி நல்ல சொல்தான், அதை பிரவுசர் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

ஓட்டுநர், நடத்துநர் வரிசையில் சுற்றுநர் என்று வைக்கலாம். காரியத்தோடு அனுப்பப்படுகிறவர் ஏவலர். பழைய சொல், பொருளும் பொருந்துகிறது.

குடியாத்தத்திலிருந்து:

சுற்றுநருக்கு என் ஓட்டு. ஏவல் என்றால் நம் பக்கம் எலுமிச்சம்பழமும் மந்திரவாதியும்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் ஏவலர் என்று சொல்லும்போது அந்த வாடை அவ்வளவாக இல்லை. இருக்கட்டும்.

சாலைத்தடுப்புதான் உதைக்கிறது. அதைக் கேட்டால் போலீஸ் பேரிகார்டு நினைவுக்கு வரும், இன்னும் கொஞ்சம் போனால் சாலைமறியல். இரண்டிலும் யாரும் போக முடியாது. ஃபாரோவில் இது வைக்கிற இடத்தில் ஏவலர் தாராளமாகப் போவார், சுற்றுநர் மட்டும் திரும்புவார். இதைச் சொல் காட்டாவிட்டால் ஆட்டக்காரர் வண்டிகள் நின்றுவிடுமோ என்று பயந்து வைக்காமலே விட்டுவிடுவார்.

வைக்காவிட்டால் என்ன ஆகும்? குடியிருப்புத் தெருவிலிருந்து வயலுக்கு ஒரு கிளைப்பாதை பிரிகிறது என்று வையுங்கள். சந்தைக்காரி ஒரு சுற்று அந்தப் பக்கம் போய் வெறுங்காட்டில் நடந்துவிட்டு வருவாள். அதற்குள் வீடுகளில் பானை தீர்ந்துவிடும், வீட்டின் தரம் இறங்கும். இறங்கின வீட்டில் அத்தனை பேருக்கு இடமில்லை, மிஞ்சினவர்கள் வெளியேறுவார்கள். வேலைக்கு ஆள் குறையும், குயவர் பட்டறையும் மந்தமாகும். அடுத்த சுற்றில் அவள் சரியான தெருவுக்கே வந்தாலும் கூடையில் பானை இருக்காது. கிளை பிரியும் முதல் கட்டத்திலேயே ஒன்றை வைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

கிளைகளை அடைத்தபின் தெருவை வளையமாகப் போடுவது உத்தமம். சீசர் 3 கணக்கு: 12க்கு 12 சதுரமாகப் பாதை போட்டால் 44 கட்டம். 26 நடந்தவருக்கு முன்னே 18தான் பாக்கி, திரும்பினால் 26. ஆகவே முன்னே நடந்தே வீடு சேர்வார், வளையம் முழுவதும் சேவை பெறும். திருவண்ணாமலை கிரிவலத்தில் பாதி தாண்டியவர் திரும்பி வருவாரா? 14 கிலோமீட்டரில் 8 போனவருக்கு முன்னே 6தானே! வளையத்தை 60 கட்டமாக்கினால் கதை மாறும். எந்தப் பக்கம் கிளம்பினாலும் 26-இல் வந்த வழியே திரும்புவார். எதிர்க்கோடியில் 7 கட்டம் யார் காலும் படாமல் கிடக்கும். வளையம் 52-க்குள் இருக்கட்டும்.

ஆற்காட்டிலிருந்து:

ஆட்சேர்ப்பவரை மறந்துவிட்டீர்கள். சீசர் 3, ஃபாரோ இரண்டிலும் பட்டறைக்கு ஆள் வேண்டுமென்றால் அங்கிருந்து ஒருவர் கிளம்பி ஏதாவது வீட்டைக் கடக்க வேண்டும். அவரும் சுற்றுநர்தான். தடுப்புக்கு வெளியே பட்டறைகளை வைத்து உள்ளே வீடுகளை வைத்தால், ஊரில் வேலையில்லாதவர் நிறைந்திருந்தும் பட்டறை ஆளில்லாமல் நிற்கும். பட்டறைப் பக்கம் இரண்டு குடிசை போட்டால் போதும். தீயணைப்பும் கட்டடப் பராமரிப்பும் அங்கே தனியாக வேண்டும். ஜீயஸில் இந்தத் தொல்லையே இல்லை. ஊர் முழுவதற்கும் ஒரே ஆள்தொகை. வசதிதான், ஆனால் ஊரமைப்பில் மூளைக்கு வேலை கொஞ்சம் குறைந்துவிட்டது என்பது என் கட்சி.

சொல்லுக்கு வருகிறேன். கொல்லை வாசலில் படல் வைக்கிறோமே, அதுதான் இது. மேயும் ஆடு படலில் முட்டித் திரும்பும். வேலையாக வருகிற மனுஷன் ஒதுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ரோட்பிளாக் = படல்.

ஆரணியிலிருந்து:

படல் அருமை. ஒரு சோதனை மட்டும். ஃபாரோவில் சுற்று முடிந்து திரும்பும் சுற்றுநர் படலைக் கடந்தும் வருவார். கிட்டத்து வழி அதுவானால் மறிக்காது. அப்போது அவரை என்னவென்று எழுதுவது?

ஆற்காட்டிலிருந்து:

வீட்டுக்குத் திரும்புகிறவருக்குப் போகுமிடம் தெரியும். அந்த நேரத்தில் அவர் ஏவலர். சுற்றுநர், ஏவலர் இரண்டும் ஆளின் பெயரல்ல, நடையின் பெயர் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

காட்பாடியிலிருந்து:

அப்படியே ஏற்றிவிட்டேன். "படல்: சுற்றுக்குக் கிளம்பினவரை மறிக்கும், காரியமாகப் போகிறவரையும் வீடு திரும்புகிறவரையும் விடும்." சீசர் 3-இல் ரோட்பிளாக் கிடையாது, கோட்டைவாசலை நடுத்தெருவில் வைத்து அதே வேலையை வாங்குகிறார்கள், அகஸ்டஸ் என்ற திறந்தமூல வடிவத்தில்தான் அது தனியாக வந்தது. அந்தப் பதிவில் "வாசல்" என்று போட்டு, "படல் வேலை செய்யும்" என்று பக்கத்தில் குறிக்கிறேன். எம்பரரின் குடியிருப்பு மதிலுக்கும் அதன் கதவுக்கும் நாளைக்குள் ஆளுக்கொரு சொல் அனுப்புங்கள்.